தலையால் நடந்த காரைக்கால்காரி

ஜிம் சுவர் என்று ஒன்று இருந்தால் அதில் அர்னால்டு இருப்பார், அனுமார் இருப்பார், இடுப்பில் அளவு நாடாவைச் சுற்றிக்கொண்டு எதற்கென்று தெரியாமல் சிரிக்கும் வெளிநாட்டுப் பெண் ஒருத்தியும் இருப்பாள். காரைக்கால் பக்கத்து ஜிம்களாவது இந்த வழக்கத்தை மாற்றிக்கொள்ளலாம். தலையால் நடந்து மலையேறிய ஒருவர் இந்த ஊரில்தான் பிறந்தார். பெயர் புனிதவதி, பின்னாளில் காரைக்கால் அம்மையார். அவர் படத்தை மாட்டினால், டிரெட்மில்லில் நடந்ததைவிட அதன்மேல் நின்று செல்ஃபி எடுத்ததே அதிகம் என்கிற என் போன்றவர்கள் கொஞ்சம் கூச்சப்படுவோம்.

நான் காரைக்கால் பக்கத்துக் குரும்பகரத்துக்காரி. எங்கள் ஊரில் வயல்தான் ஜிம். நாள் முழுக்கக் குனிந்து நாற்று நடுவதும், கதிர்க்கட்டைத் தலையில் தூக்கிக்கொண்டு வழுக்குகிற வரப்பில் வருவதும் அப்பாயி காலத்துப் பெண்களுக்கு அன்றாட வேலை. யாரும் அவர்களுக்கு செட் எண்ணவில்லை, புரோட்டீன் கலக்கிக் கொடுக்கவில்லை. ஆம்பளைக் கூலியைவிடக் குறைத்துக் கொடுத்து அனுப்பினார்கள். அந்த வீட்டுப் பேத்தி காசு கட்டி இரும்பு தூக்கப் போகிறாள் என்றதும்தான் ஊருக்குப் பெண்ணின் உடம்பைப் பற்றிய கவலை வந்தது. கை ஆம்பளைக் கை மாதிரி ஆகிவிடுமாம். எம்பிக் குதித்தால் கர்ப்பப்பை இறங்கிவிடுமாம், இது என் அத்தையின் கண்டுபிடிப்பு. கல்யாணத்துக்கு முன்னால் அஞ்சு கிலோ இளைத்தால் போதாதா, அதற்குமேல் எதற்கு என்பது எல்லாரும் சேர்ந்து எடுத்த தீர்மானம். ஆக உடம்பு என்னுடையது, எடை மட்டும் மாப்பிள்ளை வீட்டாருடையது.

இந்த வழக்கை 1,400 வருஷத்துக்கு முன்பே ஒருவர் தீர்த்து வைத்துவிட்டார். தீர்ப்பை நாம்தான் படிக்கவில்லை.

கதையைப் பெரியபுராணத்தில் எழுதி வைத்தவர் சேக்கிழார், 12ஆம் நூற்றாண்டில். புனிதவதியின் அப்பா தனதத்தன், காரைக்கால் வணிகர்களுக்குத் தலைவர். ஒரே பெண். நாகப்பட்டினத்து நிதிபதியின் மகன் பரமதத்தனுக்குக் கட்டிக்கொடுத்தார், ஆனால் பெண்ணை அங்கே அனுப்பவில்லை; மாப்பிள்ளையை இங்கே இருத்திக்கொண்டார். வீடு, தொழிலுக்கு முதல், எல்லாம் மாமனார் உபயம். தனிவீடு என்றாலும் வீட்டோடு மாப்பிள்ளை வீட்டோடு மாப்பிள்ளைதான்.

ஒரு நாள் வியாபார விஷயமாக வந்தவர்கள் பரமதத்தனிடம் இரண்டு மாம்பழம் கொடுத்தார்கள். வீட்டுக்கு அனுப்பி வைத்தான். பசியோடு ஒரு சிவனடியார் வந்தார். சோறு ஆகிவிட்டது, கறி ஆகவில்லை. புனிதவதி சோற்றோடு ஒரு மாம்பழத்தை வைத்தார். மத்தியானம் பரமதத்தன் வந்து உட்கார்ந்து, மிச்சமிருந்த பழத்தைத் தின்றான். ருசியாக இருந்தது, இன்னொன்றையும் கொண்டுவரச் சொன்னான். நீ சாப்பிட்டாயா என்று அவன் கேட்டதாகச் சேக்கிழார் எழுதவில்லை. பழம் இரண்டு, வீட்டில் ஆள் இரண்டு, கணக்கு மட்டும் ஒருவனுக்கு.

புனிதவதி உள்ளே போய்ச் சிவனை நினைத்தார். கையில் பழம் வந்தது. தின்றவன், இது முன்னே தின்ற பழம் இல்லையே, எங்கே கிடைத்தது என்று விசாரணையைத் தொடங்கினான். உள்ளதைச் சொன்னார். அப்படியானால் இன்னொன்று வரவழைத்துக் காட்டு என்றான். மனைவி சொன்னதை நம்ப டெமோ கேட்ட முதல் தமிழ்க் கணவன் இவன்தானா தெரியாது. கடைசிக் கணவன் இல்லை என்று மட்டும் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்வேன். இன்னொரு பழமும் வந்தது. அவன் கையில் வைத்ததும் மறைந்தது. ஆள் வெலவெலத்துப் போனான்.

பயந்தவன் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தான். இவள் மனுஷி இல்லை, தெய்வம் என்று முடிவு கட்டினான். ஒருத்தியைத் தெய்வமாக்கிவிட்டால் ரொம்ப வசதி, அவளோடு குடித்தனம் நடத்த வேண்டியதில்லை. கடல் வாணிகம் என்று சொல்லிக் கப்பல் ஏறினான். திரும்பி வந்து இறங்கியது பாண்டிநாட்டுப் பட்டினம் ஒன்றில். அங்கே இன்னொரு வணிகர் மகளைக் கட்டினான், பெண் குழந்தை பிறந்தது, அதற்குப் புனிதவதி என்றே பேர் வைத்தான். உறுத்துகிற மனசுக்கு இதைவிட மலிவான பரிகாரம் கிடையாது.

சேதி தெரிந்ததும் சொந்தக்காரர்கள் புனிதவதியைப் பல்லக்கில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள், சேர்த்து வைக்க. இன்றைக்கும் எங்கள் பக்கம் வேன் பிடித்துக்கொண்டு போவது அதற்குத்தான். போய்ச் சேர்ந்தால் பரமதத்தன் புதுமனைவி, குழந்தை சகிதமாக வந்து புனிதவதியின் காலில் விழுகிறான். கூட வந்தவர்களுக்கு என்ன பேசுவது என்றே தெரியவில்லை. புனிதவதி பேசியது சிவனிடம் மட்டும்தான். இவனுக்காகச் சுமந்த இந்த அழகுச் சதையை எடுத்துவிடு, பேய் வடிவம் கொடு என்று கேட்டார். உடனே கிடைத்தது. சதை உதிர்ந்தது, எலும்பு நின்றது. சொந்தக்காரர்கள் கும்பிட்டுவிட்டுப் பயந்து கலைந்தார்கள்.

இன்ஸ்டாகிராமில் ‘முன்’, ‘பின்’ என்று இரண்டு படம் போடுகிறோமே, அதெல்லாம் நாலு பேர் பார்த்து மெச்சுவதற்கு. இவருடைய ‘பின்’னைப் பார்த்துக் கூட்டமே கலைந்தது, அவருக்கு அதுதான் தேவைப்பட்டது. எனக்கு இந்த இடத்தில் அம்மையாரோடு ஒரு சண்டையும் உண்டு. ஓடிப்போனவன் அவன், சதை என்ன தப்பு செய்தது? அவர் கொடுத்த விண்ணப்பத்தையே நான் திருத்திப் போடுவேன். சதை இருக்கட்டும் சாமி, முடிந்தால் தோளில் இன்னும் கொஞ்சம் ஏற்று. ‘இவனுக்காக’ என்பதை மட்டும் எடுத்துவிடு.

புது உடம்பின் அறிக்கையை அவர் ஒளித்து வைக்கவில்லை. தாம் பாடிய மூத்த திருப்பதிகத்தில் திருவாலங்காட்டுச் சுடுகாட்டுப் பெண்பேயை வருணிக்கிறார்: வற்றிச் சரிந்த மார்பு, புடைத்த நரம்பு, குழிந்த கண், ஒட்டிய வயிறு, சிவந்த தலைமயிர், நீண்டு துருத்திய பல், உயர்ந்த கணுக்கால். ஜிம்மில் கொழுப்பு இத்தனை, தசை இத்தனை என்று மெஷின் துப்புகிற சீட்டைக் கைப்பைக்குள் மடித்து ஒளிக்கிறவள் நான். அவர் இப்படி எழுதிவிட்டு, கடைசியில் காரைக்கால் பேய் என்று கையெழுத்தும் போட்டிருக்கிறார். ‘அழகி’ என்று ஒரு பட்டத்துக்காக நாம் படுகிற பாட்டை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

அடுத்தது மலையேற்றம். பாண்டிநாட்டுக் கரையிலிருந்து கைலாயம் நேர்க்கோட்டிலேயே 2,200 கிலோமீட்டருக்குக் குறையாது. அதுவரை காலால் போனவர், இறைவன் இருக்கும் மலையைக் காலால் மிதிக்கக் கூடாது என்று தலையால் ஏறினார். சுவரில் சாய்ந்துகொண்டு, இரண்டு பேர் காலைப் பிடித்துக்கொள்ள, ‘மாஸ்டர் விட்டுடாதீங்க’ என்று அலறிக்கொண்டு நாம் போடும் ஹேண்ட்ஸ்டாண்டை இதற்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம். மேலேயிருந்து பார்த்த உமையம்மையே, தலையால் ஏறி வருகிற இந்த எலும்புடம்பின் அன்பு என்ன அன்பு என்று வியந்து கேட்டாராம். இவள் நம்மைப் பேணும் அம்மை என்றார் சிவன். தாயும் தகப்பனும் இல்லாதவருக்கு அன்றைக்கு ஒரு தாய் கிடைத்தாள். பிள்ளை பெறாமலேயே. மாமியார் பதவியும் கூடவே வந்துவிட்டது, அதைத்தான் யாரும் கவனிப்பதில்லை.

என்ன வேண்டும் என்று சிவன் கேட்க, நீ ஆடும்போது நான் காலடியில் பாடிக்கொண்டிருக்க வேண்டும் என்றார். சிவன் அவரைத் திருவாலங்காட்டுக்கு அனுப்பினார். அந்த ஊருக்குள்ளும் தலையால்தான் போனார். பிற்பாடு அந்தப் பக்கம் வந்த ஞானசம்பந்தர், அம்மையார் தலையால் நடந்த ஊரில் நாம் கால் வைப்பதா என்று ஊருக்கு வெளியிலேயே தங்கிவிட்டாராம். ஒரு பெண் பயிற்சி செய்த இடத்தை ஓர் ஆண் இவ்வளவு மரியாதையாக விலகி நின்று பார்த்தது அதுதான் கடைசி. இப்போது நாம் ஸ்குவாட் ரேக் பக்கத்தில் நின்றாலே, ‘சிஸ்டர், அது வெயிட் ஜாஸ்தி’ என்று ஒருவர் உடனே வருகிறார்.

இன்னொரு சங்கதி. அம்மையார் பாடியதாக நமக்குக் கிடைத்திருப்பவை 143 பாடல்: அற்புதத் திருவந்தாதி 101, இரட்டை மணிமாலை 20, ஆலங்காட்டுப் பதிகம் இரண்டு, தலா 11. அவற்றில் மாம்பழக் கதை இல்லை. பரமதத்தன் இல்லை. அவன் ஓடிய கப்பல் இல்லை. பழமும் புருஷனும் ஊர் பேசிய கதை. அவர் பேசியது நடனம், சுடுகாடு, சிவன். அந்தப் பாட்டுகளைக் காரவேலன் என்பவர் பிரெஞ்சில் பெயர்த்து, 1956இல் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் புத்தகமாகப் போட்டது. கம்போடியாவில் 967இல் எழுந்த பந்தியாய் ஸ்ரே கோயில் சிற்பத்திலும், ஆடும் சிவன் காலடியில் வற்றிய மார்போடு உட்கார்ந்திருக்கிறார். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் கையில் தாளத்தோடு செப்புத்திருமேனியாக இருக்கிறார். பாஸ்போர்ட் எடுத்து வெளிநாடு போன காரைக்கால்காரர்கள் நிறையப் பேர். எவருக்கும் இவ்வளவு தூரம் வாய்க்கவில்லை.

சிவன் கோயில் சுற்றில் 63 நாயன்மாரும் வரிசையாக நிற்பார்கள், இவர் மட்டும் உட்கார்ந்திருப்பார். அத்தனை தூரம் தலையால் நடந்தவருக்கு ரெஸ்ட் டே. அந்த 63இல் பெண்கள் மூன்றே பேர். மங்கையர்க்கரசி பாண்டிய ராஜாவின் மனைவி, இசைஞானியார் சுந்தரரின் அம்மா. எவன் மனைவி, எவன் தாய் என்று கேட்காமல் உள்ளே விடப்பட்டவர் இவர் ஒருவர்தான்.

அம்மையார் பிறந்த காரைக்கால் 1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. நாகரிகம் சொல்லித்தர வந்தவர்களின் சொந்த வீட்டு நிலவரம் இது: 1800இல் பாரிஸ் போலீஸ் ஓர் உத்தரவு போட்டது, ஆண் உடை உடுத்த விரும்பும் பெண் காவல்துறை அனுமதி வாங்க வேண்டும். 1892இலும் 1909இலும் மனசு இளகி, கையில் சைக்கிள் ஹேண்டில்பாரோ குதிரைக் கடிவாளமோ இருந்தால் கால்சட்டை போடலாம் என்றார்கள். இறங்கி நாலு அடி நடந்தால் குற்றம் போலும். இந்த உத்தரவு செல்லாது என்று பிரெஞ்சு அரசு எழுத்தில் சொன்னது 2013இல். நவீன ஒலிம்பிக்கைத் தொடங்கிய கூபெர்தேனும் பாரிஸ்காரர்தான். போட்டியில் பெண்களுக்கு வேலை ஜெயித்த ஆணுக்கு மாலை போடுவது என்பது அவர் கொள்கை. அலீஸ் மிலியா என்ற பெண்மணி, சரி ஐயா, மாலையை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் என்பதுபோல 1922இல் அதே பாரிஸில் பெண்களுக்கென்று தனிப் போட்டியே நடத்திவிட்டார்.

என் அத்தையின் கர்ப்பப்பைக் கொள்கைக்கும் சர்வதேச ஆதரவு உண்டு. 2005இல் உலகப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பின் தலைவர், பனிச்சறுக்குத் தாவல் மருத்துவ ரீதியாகப் பெண்களுக்கு ஏற்றதாகத் தெரியவில்லை என்றார். ஒலிம்பிக்கில் அவர்களைத் தாவவிட்டது 2014இல். அத்தை பக்கத்து நெடுங்காட்டைத் தாண்டினால் அதிசயம், அவர் கருத்து சுவிட்சர்லாந்து வரை எட்டியிருக்கிறது.

பாண்டிச்சேரியில் கொஞ்சம் தேவலை. அரவிந்தர் ஆசிரமத்தில் அன்னை மிர்ரா 1940களிலேயே பெண் பிள்ளைகளை அரைக்கால்சட்டையோடு மைதானத்தில் இறக்கினார். ஊர் வாயைப் பிளந்தது. அவர் பாட்டுக்கு எண்பதை எட்டும்வரை டென்னிஸ் ஆடிக்கொண்டிருந்தார்.

சினிமா வேறு மாதிரி நியாயம் செய்தது. 1973இல் ஏ.பி. நாகராஜன் எடுத்த ‘காரைக்கால் அம்மையார்’ படத்தில் எலும்புருவ அம்மையாராக வந்தவர் கே.பி. சுந்தராம்பாள். இளைக்கவில்லை, இளைக்கச் சொல்லவும் இல்லை போலிருக்கிறது. குரல் வந்தால் போதும் என்று விட்டுவிட்டார்கள். கல்யாணத்துக்குப் பயந்து இளமையைப் பிள்ளையாரிடம் ஒப்படைத்த ஔவையாராகவும் 1953இல் அவரே நடித்திருந்தார். அழகைத் திருப்பிக் கொடுத்த இரண்டு பெண்களுக்கும் ஒரே நடிகை.

இப்படிப்பட்ட அம்மையாருக்கு ஊர் வருஷா வருஷம் என்ன செய்கிறது? கல்யாணம். ஆனி மாத மாங்கனித் திருவிழாவில் மாப்பிள்ளை அழைப்பு, மேளதாளம், அடுத்து திருக்கல்யாணம், அதே பரமதத்தனோடு. போன வருஷமும் இவன்தானே ஓடினான் என்று மண்டபத்தில் ஒருவரும் கேட்பதில்லை. நாமும் அட்சதை போட்டுவிட்டுச் சாப்பிடப் போகிறோம்.

பௌர்ணமியன்று பிச்சை கேட்கும் கோலத்துச் சிவனான பிட்சாடனர் வீதியுலா வரும்போது வீட்டு மாடிகளிலிருந்து மாம்பழங்களை வீசுவார்கள். பிடித்துத் தின்றால் பிள்ளை வரம் என்று நம்பிக்கை. மருமகளுக்காக அத்தையும் வந்திருந்தார். மேலேயிருந்து ஒரு பழம் கிளம்பியதுதான் தாமதம், முன்னால் நின்றவரின் தோளில் ஒரு கையை ஊன்றி, இரண்டு காலும் தரையைவிட்டுக் கிளம்ப, மற்றக் கையால் லபக்கென்று பிடித்தார். கொசுவம் கலையவில்லை. பாக்ஸ் ஜம்ப்புக்கு மாதாமாதம் பணம் கட்டுகிற நான் வாயடைத்து நின்றேன். கர்ப்பப்பை என்ன ஆயிற்று அத்தை என்றதற்கு, பழத்தை முந்தானையில் முடிந்துகொண்டே சொன்னார்: “கீழ விழுந்ததப் பொறுக்குனா வரமாடி? எம்பித்தான் புடிக்கணும். நீ என்னத்த அந்த ஜிம்முல கத்துக்குற?”