ஒரு சத்தமும் தவறாமல் கேட்பது எப்படி

ஊர் வட்ஸ்அப் குறூப்பில் யார் வாய் திறந்தாலும் அந்த நிமிசமே உங்கள் போன் கத்த வேண்டுமா? செட்டிகுளத்தில் இருந்துகொண்டே அதைச் சாதிக்கலாம்.

முதலில் செற்றிங்ஸுக்குள் போய் அறிவித்தலுக்கு அனுமதி கொடுங்கள். அண்ட்ரொயிட் 13 இலிருந்து போன் இதைக் கேட்டுத்தான் செய்கிறது. கேட்டபோது நீங்கள் அவசரத்தில் 'வேண்டாம்' என்று அமத்தியிருப்பீர்கள். பிறகு பற்றரிச் சேமிப்பை நிற்பாட்டுங்கள். கொஞ்ச நேரம் தொடாத செயலியைச் சில போன்கள் உறங்க வைத்துவிடும், செய்தியெல்லாம் போனைத் திறக்கும்போதுதான் மொத்தமாக வந்து கொட்டும். நிற்பாட்டினால் மத்தியானத்துக்குள் சார்ஜ் இறங்கலாம். அதையும் குறூப்பில் போடுங்கள், ஆறுதல் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள்.

அடுத்து, குறூப்புகளைச் சேருங்கள். கமக்காரர் அமைப்பு, கோயில் சபை, பழைய மாணவர், மரண உதவிச் சங்கம், மாதர் சங்கத்தில் மனைவி இருந்தால் அவவின் போன். வெளிநாட்டில் இருப்பவர்களைக் கட்டாயம் சேருங்கள், அவர்கள் இல்லாவிட்டால் இரவில் சத்தம் வராது. கோடைகாலத்தில் ரொறன்ரோ எங்களுக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னால். அங்கே மத்தியானம் பன்னிரண்டரைக்குச் சாப்பிட்டபடி ஒருவர் திருவிழாக் கணக்குக் கேட்டால், இங்கே இரவு பத்து மணிக்கு உங்கள் தலைமாட்டில் கேட்கும். அதே மாதங்களில் மெல்பேணிலிருந்து ஒரு மாமி விடிய ஆறு மணிக்கு அனுப்பும் 'காலை வணக்கம்' ரோசாப்பூ நள்ளிரவு ஒன்றரைக்கு வந்து சேரும்.

இனி விவாதம். 'ஞாயிற்றுக்கிழமை தண்ணிக் கூட்டம் எத்தனை மணிக்கு?' என்று ஒருவர் கேட்பார். ஒருவர் கைகூப்புவார். ஒருவர் 'நல்ல முயற்சி' என்பார். 'போன முறை கணக்கே காட்டேல்ல, இப்ப என்ன கூட்டம்?' என்று இன்னொருவர் தொடங்குவார். நடுவில் மஞ்சளும் மிளகும் சேர்த்த மருந்தொன்று வரும். ஒரு செய்தியை ஒரு தரத்தில் ஐந்து இடத்துக்கு மேல் கடத்த முடியாதென்று வட்ஸ்அப் 2019 இல் கட்டுப்படுத்தியது. ஐந்து குறூப்பிலும் நீங்கள் இருந்தால் கவலையில்லை, ஐந்து தரமும் மணி அடிக்கும். கூட்டம் எத்தனை மணிக்கு என்பது மட்டும் கடைசிவரை வராது.

இடைக்கிடை அரசாங்கமும் உங்களுக்கு ஓய்வு தரும். 2018 மார்ச்சில் கண்டிக் கலவரத்தின்போதும், 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகும், 2022 ஏப்ரல் 3 ஆம் திகதியும் வட்ஸ்அப், பேஸ்புக் எல்லாவற்றையும் மறித்தார்கள். மற்ற நாட்களில் நீங்களாகத்தான் குறூப்பை வாயடைக்க வேண்டும்: எட்டு மணித்தியாலம், ஒரு கிழமை, எப்போதும். ஊரில் முக்கால்வாசிப் பேர் தெரிவுசெய்வது 'எப்போதும்' தான்.

இனி ஒரு இரவை நினைத்துப் பாருங்கள். 'வயலுக்குள்ள யானை இறங்கிட்டுது, வெடி இருக்கிற ஆக்கள் வாங்கோ' என்று ஒரு செய்தி வருகிறது. ஒரு போனும் சத்தம் போடாது. ரொறன்ரோக்காரர் மட்டும் உடனே பார்த்து 'கவனம் தம்பி' என்று எழுதுவார்.

இலங்கை வானொலி மரண அறிவித்தல் வாசித்த காலத்தில் சனம் வேலையை விட்டுவிட்டுக் காது கொடுத்தது. அதற்கு ஒரு நேரம் இருந்தது, இடையில் ரோசாப்பூ வரவில்லை.

பகிடி இருக்கட்டும். நிர்வாகி மட்டும் எழுதக்கூடிய குறூப் வட்ஸ்அப்பில் 2018 இலேயே வந்துவிட்டது. யானை, சாவு, தண்ணி மூன்றுக்கும் அப்படியொன்று தொடங்கி, அதற்கென்று தனிச் சத்தம் வைத்துவிட்டு, மற்ற எல்லாக் குறூப்பையும் வாயடைக்கலாம். கால் மணித்தியால வேலை. ஒருவருக்கும் பதில் எழுத இடமில்லாததால் அந்தக் குறூப்பைத் தொடங்க ஒருவரும் முன்வருவதில்லை. யாராவது தொடங்குங்கள், என்னையும் சேர்த்துவிடுங்கள்.