இணையாசிரியர் மியாவ்

ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்ப அறிவு மட்டும் போதாது, விதிமுறையும் தெரியவேண்டும். 1975இல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக இயற்பியலாளர் ஜாக் ஹெதரிங்டன், தான் ஒருவராகவே எழுதிய கட்டுரையில் நெடுக ‘நாங்கள்’ என்று போட்டிருந்தார். ஒற்றை ஆசிரியர் அப்படி எழுதினால் ‘பிசிக்கல் ரிவியூ லெட்டர்ஸ்’ திருப்பிவிடும் என்று எச்சரித்தார் சக ஊழியர். தட்டச்சுக் காலம், முழுவதையும் மறுபடி யார் அடிப்பது? வீட்டுச் சயாமியப் பூனை செஸ்டரை ‘எஃப். டி. சி. வில்லர்ட்’ ஆக்கி இணையாசிரியராகச் சேர்த்துவிட்டார். (வில்லர்ட் என்பது பூனையின் தகப்பன் பெயர். முறை தவறவில்லை.) கட்டுரை அச்சேறியது. 1980இல் பூனையார் பிரெஞ்சு மொழியில் தனியாகவே ஒன்று வெளியிட்டார்.

ஆகவே ஆராய்ச்சி மாணவர்களே, உங்கள் கட்டுரையில் எட்டிப் பார்க்காத பேராசிரியரின் பெயர் முதலில் நின்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். பூனையாவது எழுதியவர் வீட்டிலேயே இருந்தது.