பின்னல் திரும்ப வந்துவிட்டதாம்

"சார், பின்னல் திரும்ப வந்துடுச்சு" என்றார் ஆசிரியர், ஊரைவிட்டு ஓடிப்போனவனைப் பேருந்து நிலையத்தில் பார்த்துவிட்ட குரலில்.

"எந்தப் பின்னல்?" என்று கேட்டேன். தமிழில் பின்னல் என்றால் முதலில் தலைதான். ரிப்பன் வைத்த இரட்டைப் பின்னல். அதை விட்டால் திருப்பூர். ஊரே பின்னலாடையில் பிழைக்கிறது. சட்டைக்குள் ஓட்டையும் காற்றோட்டமுமாக நாம் போட்டுக்கொண்டிருக்கும் பனியனும் பின்னல்தான். அது எங்கேயும் போகவில்லையே, திரும்பி வருவதற்கு?

"அதில்லை சார். ரெண்டு ஊசி, கம்பளி நூல். இளைஞர்கள் பின்றாங்க. இதுதான் இப்ப டிரெண்ட். எண்ணூறு வார்த்தை, வியாழக்கிழமைக்குள்ள."

சரி என்றேன். ஒரு குற்றத்தை இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கட்டுரையை இதற்குமுன் மூன்று முறை எழுதியிருக்கிறேன். மூன்று முறையும் பின்னல் அப்போதுதான் பிறந்திருந்தது.

முதல் தடவை 2004. முந்தைய வருடம் அமெரிக்காவில் டெபி ஸ்டோலர் எழுதிய பின்னல் புத்தகம் சக்கைப்போடு போட்டிருந்தது. ஜூலியா ராபர்ட்ஸ் படப்பிடிப்பு இடைவேளையில் பின்னுகிறார் என்று ஆங்கிலப் பத்திரிகைகள் எழுத, நானும் எழுதினேன். இரண்டாம் தடவை 2012. ஹூஸ்டனில் 2005-ல் மக்டா சாயெக் தொடங்கிவைத்த கூத்து உலகம் முழுக்கப் பரவி, மரத்துக்கும் விளக்குக் கம்பத்துக்கும் ஸ்வெட்டர் போட்டுவிட்டிருந்தார்கள். மூன்றாவது 2021. டோக்கியோ ஒலிம்பிக்கில் டைவிங்கில் தங்கம் வாங்கிய டாம் டேலி, பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து ஊசியும் நூலுமாகப் பின்னிக்கொண்டிருந்தார். பதக்கம் கீறிவிடக் கூடாதென்று அதற்கு ஒரு பையும் பின்னிவைத்திருந்தார், ஒரு பக்கம் பிரிட்டிஷ் கொடி, மறுபக்கம் ஜப்பான் கொடி. ஓர் ஆண்பிள்ளை பின்னுகிறானே என்று உலகப் பத்திரிகைகள் வாய்பிளந்தன. இடைக்கால ஐரோப்பாவில் பின்னல்காரர் சங்கங்களை நடத்தியதே ஆண்கள்தான். அது எனக்குத் தெரிந்திருந்தும் நானும் சேர்ந்து பிளந்தேன். வாயைப் பிளக்காமல் டிரெண்ட் கட்டுரை எழுத முடியாது.

மூன்று கட்டுரைக்கும் முதல் வரி ஒன்றே: 'இது உங்கள் பாட்டி காலத்துப் பின்னல் அல்ல.' ஆங்கிலப் பத்திரிகையிலிருந்து கடன் வாங்கியது. முதல் கட்டுரை வந்த அன்று அம்மா அதைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள்.

"ஏண்டா, உன் பாட்டி எங்கடா ஸ்வெட்டர் பின்னினா? கும்பகோணத்துல வேர்த்து வழிஞ்சிண்டு தலைதான் பின்னினா, எனக்கு. பேன் பார்த்துண்டே."

உண்மை. எங்கள் வம்சத்தில் பாட்டிகள் பூத் தொடுத்தார்கள், அப்பளம் இட்டார்கள். கம்பளி நூலை ஒரு பாட்டியும் கண்ணால் பார்த்ததில்லை. பின்னல் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது அம்மா காலத்தில், அதுவும் டெல்லியில்.

கல்யாணமாகி அங்கே போய் மத்திய அரசு அலுவலகத்தில் ஸ்டெனோவாகச் சேர்ந்தவள் அம்மா. தஞ்சாவூர் ஜில்லா உடம்பு, ஜனவரி மாதத்து ஆறு டிகிரி. முதல் குளிர்காலத்தைச் சேலைக்கு மேல் அப்பாவின் கோட்டைப் போட்டுக்கொண்டு சமாளித்திருக்கிறாள். இரண்டாம் வருடம் கீழ்வீட்டுப் பஞ்சாபி ஆன்ட்டி ஒரு ஜோடி ஊசியைக் கையில் கொடுத்துவிட்டார். அவருக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்கு அப்போது ஹிந்தி வராது. இருவருக்கும் பொதுவாக இருந்தவை 'சீதா', 'உல்டா' என்ற இரண்டு சொற்கள். நேர்க்கண்ணி, எதிர்க்கண்ணி. பார்டருக்கு ரெண்டு சீதா, ரெண்டு உல்டா. மாடி வெயிலில் உட்கார்ந்து அம்மா இதை முணுமுணுப்பதைக் கேட்டு, ஊரிலிருந்து வந்த பெரியப்பா ஏதோ சுலோகம் என்று நினைத்துச் செருப்பைக் கழற்றியிருக்கிறார்.

அந்த நாளில் டெல்லியில் பின்னாத கையே கிடையாது. மதியச் சாப்பாடு ஆனதும் அலுவலகப் புல்வெளிகளில் பெண்கள் வட்டம் வட்டமாக உட்கார்ந்துவிடுவார்கள். நிலக்கடலை, வெயில், ஊசிச் சத்தம். பஸ்ஸில் முன்னால் நிற்கும் முன்பின் தெரியாத பெண்ணின் முதுகில் நல்ல டிசைன் தெரிந்தால், அம்மா இறங்க வேண்டிய நிறுத்தத்தில் இறங்கமாட்டாள். கண்ணியை எண்ணி முடித்தபின்தான் இறங்குவாள். இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கி, என்னை இழுத்துக்கொண்டு, "ஆறு சீதா, ரெண்டு உல்டா, நடுவுல ஒரு முறுக்கு" என்று சொல்லிக்கொண்டே நடப்பாள். நான் குறுக்கே ஏதாவது பேசினால் அடி விழும். எண்ணிக்கை போய்விடுமே.

என் உத்தியோகம் ஸ்டாண்டு. லச்சியாக வரும் நூலை உருண்டையாகச் சுற்ற, எதிரே ஒரு ஆள் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு உட்கார வேண்டும். தெருவில் கிரிக்கெட் நடக்கும், நான் கைது செய்யப்பட்டவன்போல் உட்கார்ந்திருப்பேன். போன வருட ஸ்வெட்டர் இந்த வருடம் பத்தாது. அதைப் பிரித்து, சுருண்ட நூலை நனைத்து, கனத்துக்கு ஒரு பூட்டைக் கட்டித் தொங்கவிட்டு நிமிர்த்தி, கூடக் கொஞ்சம் வேறு நிறம் சேர்த்து மறுபடி பின்னுவாள். ஒரே மெரூன் நூல் மூன்று அவதாரம் எடுத்து என் உடம்பில் வளர்ந்தது. கழுத்துப்பட்டை மட்டும் எந்த அவதாரத்திலும் தலைக்குள் நுழைந்ததில்லை. என் காதுகள் கொஞ்சம் முன்பக்கமாக வளைந்திருப்பதற்கு அதுதான் காரணம் என்பது என் துணிபு. அம்மா, அது அப்பா வழி என்கிறாள்.

அன்றைய பத்திரிகைகள் இதை எப்படிப் பார்த்தன? கார்ட்டூனாக. மேஜையில் கோப்பு மலைபோல் கிடக்கும், பின்னால் ஒரு குண்டு அம்மாள் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருப்பாள். நாட்டின் முன்னேற்றத்தைத் தடுப்பது இவள்தான். 'அலுவலக நேரத்தில் பின்னல்' என்று ஆசிரியருக்குக் கடிதங்கள் வரும். அம்மா அதைப் படித்துக் கோபப்பட்டிருக்கிறாள், பின்னிக்கொண்டேதான். இன்று அதே ஊசியை எடுத்துக்கொண்டு ஒரு பெண் காபி கடையில் உட்கார்ந்தால் மன அழுத்தம் குறைகிறது என்று முழுப் பக்கம் எழுதுகிறோம். அன்று அம்மாவுக்கும் மன அழுத்தம் குறைந்துதான் இருக்கவேண்டும். மேலதிகாரிக்குக் கூடியிருக்கும்.

இந்த மறதி நம் ஊர்ச் சரக்கு மட்டுமல்ல. அமெரிக்காவின் 'லைஃப்' பத்திரிகை 1941 நவம்பர் 24 இதழில் 'பின்னுவது எப்படி' என்பதை அட்டைப்படமாகவே போட்டது. போர்முனைச் சிப்பாய்களுக்குக் காலுறையும் மப்ளரும் பின்ன அன்று நாடே உட்கார்ந்திருந்தது. முதல் உலகப் போரிலும் இதே கதை. ஆனாலும் பத்து வருடத்துக்கு ஒருமுறை யாராவது ஒரு நிருபர் கண்விழித்து, பக்கத்து மேஜையில் ஊசியைப் பார்த்துத் திடுக்கிடுகிறார்.

டிரெண்ட் கட்டுரைக்கு ஆட்கள் மூன்று பேர் வேண்டும். இரண்டு பேர் என்றால் தற்செயல், மூன்று பேர் என்றால் அலை. ஆழ்வார்பேட்டையில் ஒரு காபி கடையில் ஞாயிறுதோறும் நாலைந்து பேர் கூடுகிறார்கள் என்று தகவல் கிடைத்தது. அம்மாவையும் அழைத்துக்கொண்டு போனேன். மே மாதம். வெளியே மண்டை பிளக்கிறது, உள்ளே ஏ.சி. சிம்லாவாக வைத்திருந்தார்கள். சென்னையில் ஸ்வெட்டருக்கு ஏதாவது நியாயம் உண்டென்றால் அது ஏ.சி.தான். அம்மா பையிலிருந்து தன்னுடையதை எடுத்துப் போட்டுக்கொண்டாள். எழுபத்தொன்பது வயதில் அந்தக் கடையிலேயே உடைப்பொருத்தம் அவளுக்குத்தான்.

அங்கே இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் கையில் குரோஷா. ஒற்றைக் கொக்கி ஊசி. அது வேறு, இது வேறு. வீணையும் வயலினும்போல. பத்திரிகைகளுக்கு இரண்டும் ஒன்று. 2016-ல் சென்னையில் பெண்கள் கூடி 11,000 சதுர மீட்டருக்கும் மேலான குரோஷாப் போர்வையைச் சேர்த்துக் கின்னஸ் வாங்கிய பிறகும் ஒன்றுதான்.

சாஃப்ட்வேர் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி மட்டும் இரண்டு ஊசி வைத்திருந்தாள். வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டாளாம். பத்து வரிசைக்குக் கீழே ஒரு கண்ணி நழுவி ஏணிமாதிரி இறங்கியிருந்தது. அழாக்குறை.

"பிரிச்சிடட்டுமா ஆன்ட்டி?"

"எதுக்குடி?" அம்மா பக்கத்துப் பெண்ணின் கொக்கி ஊசியைக் கேட்காமலே பிடுங்கி, நழுவிய கண்ணியை அதில் மாட்டி, ஒவ்வொரு படியாக மேலே ஏற்றி, ஊசியில் கோத்துத் திருப்பிக் கொடுத்தாள். அரை நிமிஷம் ஆகியிருக்கும். மேஜையே கைதட்டியது.

"எவ்ளோ வருஷமா இந்த ஹாபி ஆன்ட்டி?"

"ஹாபியா? குளிருக்கும்மா" என்றாள் அம்மா. பிறகு கொஞ்சம் யோசித்து, "அந்த பஸ் டிசைன் மட்டும் ஹாபி" என்றாள்.

நடுவே புகைப்படக்காரர் வந்தார். ஊசிகளை இன்னும் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கச் சொன்னார், முகத்துக்கு நேரே, இட்டிலிக் கொப்பரை மூடியைத் தூக்குவதுபோல. இப்படிப் பிடித்தால் பின்ன முடியாது என்றாள் அம்மா. "பின்ன வேணாம்மா, சிரிச்சா போதும்" என்றார்.

கட்டுரையைப் பாட்டி வரி இல்லாமல்தான் எழுதி அனுப்பினேன். டெல்லி புல்வெளி, பஸ், கார்ட்டூன் எல்லாம் இருந்தன. இடம் போதவில்லை என்று வெட்டிவிட்டார்கள். ஆசிரியர் சொந்தமாக முதல் வரி ஒன்று சேர்த்திருந்தார். என்ன வரி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அம்மாவின் படத்தையும் எடுத்துவிட்டு, கொக்கி ஊசியோடு சிரிக்கும் ஒரு வெளிநாட்டுப் பெண்ணின் படத்தைப் போட்டு, கீழே 'இரு ஊசிகளின் மாயம்' என்று எழுதியிருந்தார்கள்.

அம்மா பத்திரிகையை விளக்கு வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் கடைசிவரை படித்தாள். மடித்துவைத்தாள்.

"அடுத்து எப்போடா இது புதுசாகும்?"

"ஒரு எட்டு, பத்து வருஷம் ஆகும்மா."

"அப்போ நேரம் இருக்கு" என்று அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு பையை எடுத்தாள். உள்ளே என் மூன்றாம் அவதார ஸ்வெட்டரைப் பிரித்து வைத்த மெரூன் நூல், இருநூறு கிராம் இருக்கும், லச்சியாகவே.

"கையை நீட்டு" என்றாள்.