கிளாவரைப் பாம்புகளின் கனிவான கவனத்திற்கு

கொடைக்கானல் மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர், பூண்டி தாண்டி ரோடு முடிகிற கிளாவரையிலும் சுற்றியுள்ள சோலைகளிலும் வசிக்கும் பாம்புகள் அனைத்துக்கும் இதனால் அறிவிப்பது யாதெனில்:

ஒன்று. கடிக்கும் உரிமம் நாலு பேருக்கு மட்டுமே: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இந்த நான்கின் விஷத்தைக் குதிரைக்குச் சிறுகச் சிறுக ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்துதான் நம் ஆஸ்பத்திரிகளில் உள்ள விஷமுறிவு மருந்தை எடுக்கிறார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் குழிவிரியன்கள் பட்டியலில் இல்லாததால் அவை வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். மீறிக் கடித்தால் அதே நாலு பாம்பு மருந்தைத்தான் ஏற்றுவோம். ஒவ்வாமை வரலாம், குணம் வராது. மூக்கு மேல்நோக்கி வளைந்த குழிவிரியன் கடித்துச் சிறுநீரகம் செயலிழந்தவர்களைப் பற்றிக் கேரளத்திலும் இலங்கையிலும் டாக்டர்கள் எழுதிவிட்டார்கள். எழுதினால் போதாதா, மருந்து வேறு வேண்டுமா?

இரண்டு. உரிமம் பெற்ற நால்வரும் மாமல்லபுரம் பக்கத்துச் சொந்தக்காரர்களின் விஷத்தையே வைத்திருக்க வேண்டும். 1978-இல் தொடங்கிய, பாம்பு பிடிக்கும் இருளர்களின் வடநெம்மேலி கூட்டுறவுச் சங்கம் அங்கே எடுத்துத் தரும் விஷத்தை நம்பித்தான் நாட்டின் பெரும்பாலான மருந்து தயாராகிறது. இருளர்கள் தங்கள் வேலையைச் சரியாகச் செய்தார்கள்; அவர்களில் வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023-இல் பத்மஸ்ரீயும் பெற்றார்கள். ஒரே இனப் பாம்புக்கும் ஊருக்கு ஊர் விஷம் மாறுகிறது என்று பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தார் ஆராய்ந்து சொன்ன பிறகும் காதில் பஞ்சு வைத்திருப்பவர்கள் வேறு ஆட்கள்.

மூன்று. கடி நேரம், பஸ் ஓடும் பகல் பொழுது. கொடைக்கானல் அரசு மருத்துவமனை 40 கிலோமீட்டருக்கு மேல். நடுவில் மண் சரியும், பனி மூடும், காட்டெருமை மறிக்கும். பூண்டுக் காட்டில் அந்தி சாய்ந்து கடிக்கும் பாம்பு அரசுக்கு ஒத்துழைக்க மறுப்பதாகக் கருதப்படும்.

பாம்புக்குச் சொல்லியாயிற்று. இனி ஐயாமாருக்கு.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்பு கடித்துச் செத்தவர்கள் ஏறக்குறைய 12 லட்சம் என்கிறது ஆய்வு. ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர். 2030-க்குள் சாவைப் பாதியாக்குவோம் என்று 2024 மார்ச்சில் மத்திய அரசு திட்டம் வெளியிட்டது. எந்தப் பாதி ஐயா? கிளாவரை எந்தப் பாதியில் வருகிறது? அதே ஆண்டு நவம்பரில், பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாகத் தமிழக அரசு அறிவித்தது. நல்லது. செத்தவனை எண்ண ஆணை போட்ட கையோடு பிழைக்க வைக்கவும் ஓர் ஆணை போட்டிருக்கலாம்.

ஆள் போய்விட்டால் உடனே ஒரு தீர்ப்பு வரும்: "பச்சிலைக்காரரிடம் போய் நேரத்தை வீணாக்கிவிட்டார்கள்." பச்சிலையால் விஷம் இறங்காது, உண்மை. ஆனால் அவர் ராத்திரி இரண்டு மணிக்கும் கதவைத் திறக்கிறார்.

விஷத்தால் ரத்தம் உறையாமல் போயிருக்கிறதா என்று பார்க்கப் பெரிய லேப் வேண்டாம். உலர்ந்த, சுத்தமான கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தத்தை ஆட்டாமல் 20 நிமிடம் வைத்துச் சாய்த்தால் தெரிந்துவிடும். பிளாஸ்டிக் குழாய் ஆகாது. ஒரு கண்ணாடிக் குழாய்க்குமா நிதி ஒதுக்கீடு?

குழிவிரியனுக்கு மருந்து செய்யுங்கள். மேல்மலையில் இரவிலும் டாக்டரும் 108 வண்டியும் இருக்கட்டும். அதுவரை, கிளாவரையில் விஷம் ஏறிச் சாகிறவரின் 'சாவுக்குக் காரணம்' என்ற கட்டத்தில் பாம்பின் பெயரை மட்டும் எழுதினால் அது பொய்க் கணக்கு.