கைலி கட்டிய இயக்குநர்

சனிக்கிழமை காலையில் பழவேற்காடு பாலத்தடியில் புல்லட்டை நிறுத்திவிட்டு, ஜீன்ஸைக் கழற்றிக் கைலிக்கு மாறுகிற தாடிக்காரத் தம்பியை உங்களுக்குத் தெரியும். சுயாதீனப் படம் எடுக்க வந்தவர்.

கைலி அவருடையதல்ல. "பழசா ஒண்ணு குடுங்கண்ணா" என்று என் சித்தப்பாவிடம் கேட்டு வாங்கியது. புதுசு கொடுத்தால் வாங்கமாட்டார். முடிச்சு நிற்காததால் மேலே ஒரு பெல்ட். உள்ளே, தைரியத்துக்கு அரைக்கால் சட்டை.

"நிஜமாவே கட்டுறீங்களா, இல்ல கிண்டலுக்கா?" என்று கேட்டேன்.

"ரெண்டுக்கும் நடுவுல. அதுதான் ஐரனி."

சித்தப்பா குனிந்து கைலியின் கசங்கலை நீவிவிட்டார். "அயர்ன் பண்ணித் தரேன்னுதானே தம்பி சொன்னேன்? நீதான் வேணாம்னுட்ட."

மலாய்க்காரர்கள் கைலியை இன்றும் 'காயின் பெலிக்காட்' என்கிறார்கள். பெலிக்காட் என்பது எங்கள் பழவேற்காடுதான். கப்பல் கப்பலாகத் துணி போன ஊர். இதைச் சொன்னதும் தம்பிக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த ஒரு நிமிடம் ஐரனி எங்கே போயிற்றோ தெரியவில்லை. எனக்கே அவர்மேல் பிரியம் வந்துவிட்டது.

படத்தில் வசனம் கிடையாது. சித்தப்பா ஏரியைப் பார்ப்பார், பார்த்துக்கொண்டே இருப்பார். 2021-இல் 'கூழாங்கல்' படம் ரோட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வாங்கியதிலிருந்து தம்பிக்கு ஒல்லாந்து போயாக வேண்டும். 1613-இல் இங்கே கோட்டை கட்டிய ஒல்லாந்தர்கூட இங்கே வர இவ்வளவு அவசரப்பட்டிருக்க மாட்டார்கள். எலும்புக்கூடு செதுக்கிய அவர்களுடைய கல்லறை வாசலும் படத்தில் உண்டு.

"முகத்துவாரம் மண்ணடைச்சா இறால் குஞ்சு உள்ள வராது தம்பி. அதை மட்டும் ஒரு வார்த்தை சொல்லிடுறேனே" என்றார் சித்தப்பா.

"அது மெசேஜ் ஆயிடும்ணா."

இதுவரைகூடச் சிரித்துவிடலாம். இறால் பிடிக்கும் இடங்களுக்கு எங்களிடம் 'பாடு' உண்டு. முறை வைத்துத்தான் ஒவ்வொருவருக்கும் வலை போடும் நாள் வரும். அதை விட்டால் அடுத்த முறைக்குக் காத்திருக்க வேண்டியதுதான். சித்தப்பாவின் பாடு நாளில் வந்து, வலை போட வேண்டாம், சும்மா உட்காருங்கள், ஃப்ரேமில் 'வெறுமை' வேண்டும் என்றார் தம்பி. வந்த பிள்ளையின் முகத்தை முறிக்கத் தெரியாத மனுஷன், உட்கார்ந்தார். அன்றிரவு வீட்டில் கூடையும் வெறுமையாகத்தான் இருந்தது.

படம் ஏதோ விழாவில் ஓடியதாம். சுவரொட்டியை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். சித்தப்பா அதில் இல்லை. கைலி இருந்தது, தம்பியின் இடுப்பில்.

தம்பி, இதைப் படித்தால் அன்றைக்குப் போன பாட்டுக்கு ஒரு நாள் கூலியையும் கைலியையும் யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். அயர்ன் பண்ண வேண்டியதில்லை.