ஆர்சிஏ அண்ணா

சென்னை ஓஎம்ஆரில் எந்தக் கண்ணாடிக் கட்டடத்துக்குள் போனாலும் ஒரு ஆர்சிஏ அண்ணா இருப்பார். சர்வர் ஏன் விழுந்தது, யாருக்குப் பாதிப்பு, இனி விழாமலிருக்க என்ன செய்யப்போகிறோம் என்று எழுதித் தருகிற அறிக்கைதான் ஆர்சிஏ. விழுந்த சர்வரை எழுப்ப நாற்பது பேர் பிரிட்ஜ் காலில் கூடுவார்கள். "அறிக்கை யார் எழுதறது?" என்று கேட்டதும் முப்பத்தொன்பது பேருக்கு நெட் கட்டாகிவிடும். மிஞ்சுகிறவர் அண்ணா.

எழுதி எழுதி அலுத்துப்போனவர், இப்போது ஏஐயைப் பிடித்துப் போட்டு எல்லாவற்றையும் தானியங்கி ஆக்கிவிட்டார். டிக்கெட்டை மூடினால் போதும்; அலர்ட், ஸ்லாக் அரட்டை, பிரிட்ஜ் கால் பேச்சு அத்தனையையும் அள்ளிச் சுருட்டி அறிக்கை வந்து விழும். "மூணு நாள் வேலை, மூணே நிமிஷம்!" என்று மார்தட்டுவார்.

அந்த அறிக்கையின் அழகே தனி. ராத்திரி 2.07-க்கு ஒருவர் அலறிய "ஐயோ, போச்சு!" அதில் 'பாதிப்பு உறுதி செய்யப்பட்டது' என்று பதிவாகியிருக்கும். 2.40-க்கு வந்த "பரோட்டா வந்துருச்சு, கீழ வாங்க" என்பது 'கூடுதல் உதவி வந்து சேர்ந்தது' ஆகியிருக்கும். நேரமெல்லாம் யூடிசி என்கிற உலகப் பொது நேரத்தில் இருப்பதால், நம்மூர் அதிகாலை 2 மணி அங்கே முந்தின நாள் இரவு 8.30. "முந்தின நாளே விழுந்திருக்கு, ஏன் யாரும் சொல்லலை?" என்று மேனேஜர் குதிப்பார்.

யார்மேலும் பழி போடக்கூடாது என்பது அண்ணாவின் கொள்கை. எட்சி நிறுவனத்தில் இருந்த ஜான் ஆல்ஸ்பா இதைப் பற்றி 2012-ல் எழுதியதும், 2016-ல் வந்த கூகுளின் எஸ்ஆர்இ புத்தகமும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். அதனால் அவருடைய ஏஐ கருவி, பெயர்களை அழித்து 'ஒரு பொறியாளர்' என்று போட்டுவிடும். டீமில் இருப்பதே மூன்று பேர். அன்றைக்கு இருவர் லீவு.

புதுப் பையன்களுக்கு கிட்லாப் நிறுவனத்தின் 2017 ஜனவரி 31 கதையை ஸ்தல புராணம் போலச் சொல்வார். "ஒரு சர்வர்னு நினைச்சு இன்னொரு சர்வர்ல டேட்டாபேஸை அழிச்சுட்டாங்க. சுமார் 300 ஜிபியில மிஞ்சினது 4.5 தான். பேக்கப்னு அஞ்சு வழி வச்சிருந்தும் ஒண்ணும் ஒழுங்கா வேலை செய்யலை. ஆனா மறைக்கலையேப்பா! மீட்கற வேலையை யூடியூப்ல நேரலையாவே காட்டினாங்க!" பையன்கள் வாய்பிளந்து கேட்பார்கள்.

அறிக்கையின் கடைசிப் பத்தியை மட்டும் படிக்கவே வேண்டாம். செய்ய வேண்டியது: கண்காணிப்பை மேம்படுத்துதல். பொறுப்பு: டீம். கெடு: அடுத்த காலாண்டு. சென்ற காலாண்டிலும் இதேதான் இருந்தது.

மறுநாள் டீக்கடையில் அந்த 'ஒரு பொறியாளர்' மெல்ல வாய்திறப்பான். "ரெண்டு விண்டோவும் ஒரே கறுப்புண்ணா. சர்வர் பேர்ல ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். தூக்கக் கலக்கத்துல எது டெஸ்ட், எது ப்ரொடக்ஷன்னு தெரியலை. ரன்புக் கையேட்டைப் பார்த்தா, அதுல போன வருஷம் எடுத்துட்ட சர்வர் பேர் இருக்கு."

அண்ணா உச்சுக்கொட்டுவார். ஒரு குறுக்குக் கேள்வி கேட்காமல், அவன் சொல்லி முடிக்கிறவரை பொறுமையாகக் கேட்பார். டீக்காசும் அவரே கொடுப்பார். இத்தனை நன்றாகக் கேட்க அந்தக் கருவிக்கு எந்த ஜென்மத்திலும் வராது.

"இதையெல்லாம் அறிக்கையில சேர்க்கணுமாண்ணா?"

"அது நேத்தே க்ளோஸ் ஆயிருச்சே தம்பி!"