காபெற் அகழாய்வு: ஆனையிறவு ஊத்தை பற்றிய முதற் குறிப்புகள்

தமிழில் அழுக்குக்குச் சொற்பஞ்சம் இல்லை. புழுதி, தூசி, சேறு, கறை, பிசுக்கு, கசடு என்று அடுக்கிக்கொண்டே போகலாம். ஆயினும் வாகனத்தின் உட்தளத்தை ஆராயப் புகுந்தவன் முதலில் இலக்கணம் வகுத்துக்கொள்ள வேண்டும். உதறினால் போவது புழுதி. கழுவினால் போவது அழுக்கு. கழுவிக் காயவைத்து, அடுத்த நாள் விடியக் கதவைத் திறந்தால் திரும்பவும் வந்து குந்தியிருப்பது ஊத்தை. முன்னையோர் இம்மூன்றையும் ஒன்றெனக் கொண்டு மயங்கினர். அவர்களிடம் வான் இருக்கவில்லை; மன்னிக்கலாம்.

ஆய்வுக்களம் என்னுடைய வான். ஊரில் 'டொல்பின்' என்று சொல்லப்படும் பழைய ஹயஸ், கை மாறிக் கை மாறி என்னிடம் வந்தது. வீடு பரந்தனில், வேலை பளையில். ஆகவே ஏ9 வீதியில் நாளுக்கு இரண்டு தரம் அது ஆனையிறவைக் கடக்கிறது. பிரச்சினையின் வேர் அந்த ஊர்ப்பெயரிலேயே இருக்கிறது. வன்னிக் காட்டில் பிடித்த யானைகளை யாழ்ப்பாணத்துக்கு நடத்திச்சென்ற துறை ஆனையிறவு. யானை பரவைக் கடலுக்குள் இறங்கி, நாலு காலையும் கழுவிக்கொண்டு அக்கரை ஏறியது. வாகனமோ கால் நனையாமல் போகிறது. வன்னி மண் முழுவதும் உள்ளே காபெற்றில் தங்கிவிடுகிறது. இக்கருத்தை மறுப்போர் யானையின் காலில் காபெற் உண்டா என்று காட்டட்டும்.

அகழ்வுக்குக் கந்தரோடையில் 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் குழி வெட்டிய முறையையே பின்பற்றினேன்: மேலிருந்து கீழே, படை படையாக. கருவிகள்: ஒரு தும்புத்தடி, ஒரு பழைய பல் பிரஷ், மனைவிக்குத் தெரியாமல் எடுத்த ஓர் அகப்பை.

மேற்படையில் கிறவல். இது முல்லைத்தீவுப் பக்கக் கல்யாண வீடுகளுக்குப் போய்வந்ததன் பேறு. கிறவலின் சிவப்பு இரும்பு ஒட்சைட்டு. குளோரின் வெளுப்பான் அதை ஒன்றும் செய்யாது. சனம் போத்தல் போத்தலாக ஊற்றிவிட்டு, காபெற்றின் சொந்த நிறம் வெளுத்து, சிவப்பு மட்டும் அப்படியே நிற்பதைப் பார்த்துத் திகைக்கும். இரும்புக் கறைக்குப் புளிப்பே மருந்து. புது வாகனம் எடுத்தால் ரயருக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசிக்கிறோம். பழம் சரி, வைக்கும் இடம்தான் பிழை.

அதற்குக் கீழே, சீற்றுத் தண்டவாளத்தை அண்டி, முறிகண்டிப் படை. முறிகண்டிப் பிள்ளையாரைத் தாண்டிப் போகிற எந்த ரைவரும் நிற்பாட்டாமல் போகமாட்டான். தேங்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்தி, கச்சான் வாங்கி வாகனத்தில் ஏறுவது வழக்கு. கச்சான் வயிற்றுக்குள்ளும் கோது காபெற்றுக்குள்ளும் போகும். நான் எடுத்த கோதுகளில் மூன்று, உள்ளே பருப்போடு முழுசாகவே இருந்தன. அவற்றின் காலத்தைக் கணிக்கவில்லை. ஒன்றைத் தின்று பார்த்த மகன் 'பரவாயில்லை' என்றான்.

இனி வருவதுதான் ஊத்தை. வெளுத்த சாம்பல் நிறம். விரலால் தொட்டால் ஈரம். வெயிலில் போட்டால் பொருக்காகும், இரவில் மறுபடி நசநசக்கும். இதைச் சேறு என்று எண்ணி, வீதியோரத்தில் வாகனம் கழுவும் ஓர் இடத்தில் பிரஷர் பைப்பால் அடிப்பித்தேன். இரண்டாம் நாள் முன்னையிலும் மோசம். திரும்பவும் போனேன். காற்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்ட பெடியன் குனிந்து, விரலால் தொட்டு, நாக்கில் வைத்துப் பார்த்தான்.

"ஐயா, இது ஊத்தையில்லை, உப்பு."

"அப்ப கழுவினாப் போகோணுமே தம்பி?"

"எங்கட கிணறும் உவர்தானே ஐயா."

ஆய்வுலகம் இத்தனை காலம் தேடியதை மூன்று சொல்லில் முடித்துவிட்டான். பரவைக் கடல் கோடையில் வற்றி, தரை வெள்ளையாய்ப் பொருக்கு வெடிக்கிறது. சோழகம் அதை அள்ளிக் கண்ணாடி இடுக்கால் உள்ளே போடுகிறது. மிச்சத்தைச் செருப்பு கொண்டுவருகிறது. சுத்தமான கறியுப்பு, காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால்தான் நீரை இழுத்துக் கரையும். கடலுப்போடு கூடவரும் மக்னீசியம் குளோரைட்டுக்கு 33 வீதமே போதும். எங்கள் காற்று அவ்வளவு கீழே இறங்குவதில்லை. ஆக, உப்பேறிய காபெற் முழுதாய்க் காய்வது என்பது கதை. அது தண்ணீரைக் காற்றிலிருந்தே குடிக்கிறது. அடியிலுள்ள தகரம் அந்த ஈரத்தில் கறள் பிடிக்கிறது. உவர்நீரால் கழுவுவது உப்பளத்துப் பாத்திக்கு நீர் கட்டுகிற வேலை.

இதில் ஒரு வரலாற்று நகைப்பு உண்டு. ஆனையிறவு உப்பைக் கொண்டுதான் ஒரு காலத்தில் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை மின்பகுப்பு முறையில் கோஸ்ரிக் சோடா செய்தது. கோஸ்ரிக் சோடா சவர்க்காரத்தின் தாய். ஊத்தையும் ஊத்தைக்கு மருந்தும் ஒரே பாத்தியில் விளைந்திருக்கின்றன. யுத்தத்தில் இரண்டும் நின்றன. உப்பளம் 1990இல் படுத்தது; 2025இல் ஆலை திறந்தபோது உப்புக்குச் சிங்களத்தில் 'ரஜ லுணு' என்று பெயர் வைத்து, அதற்கொரு சண்டை வந்தது. என் காபெற்றில் உப்பு பெயரில்லாமலே விளைகிறது.

சவர்க்காரமே பொருளாதாரத் தடைப்பட்டியலில் இருந்த தொண்ணூறுகளில் சனம் பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்தது. பனங்களியில் நுரைக்கிற சப்போனின் உண்டு. அதே காலத்தில் மொறிஸ் மைனரும் ஒஸ்ரினும் மண்ணெண்ணெயில் ஓடின. பனங்களியில் கழுவி மண்ணெண்ணெயில் ஓட்டிய காரின் உள்மணம் எப்படி இருந்திருக்கும் என்பதற்குத் தனிக் கட்டுரை வேண்டும்.

தீர்வு? முதலில் தண்ணீரைத் தொடக்கூடாது. நல்ல வெயிலில் பொருக்காகும்வரை விட்டு, தும்புத்தடியால் அடித்து உதிர்க்க வேண்டும். உதிரும் உப்பு கழுவவேண்டாத உப்பு. பிறகு நன்னீர், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. ஊற்றி, துணியால் ஒற்றி எடுத்து, மறுபடி ஊற்றி. 1950களில் பொறியியலாளர் ஆறுமுகம் வரைந்த 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' திட்டம் முடிந்திருந்தால் ஆனையிறவுப் பரவைக் கடலே நன்னீர் ஏரியாகியிருக்கும். நான் வானை ஓரங்கட்டி ஒரு வாளி அள்ளியிருப்பேன். இப்போதைக்கு, இரணைமடுத் தண்ணீர் பாயும் பக்கத்தில் இருக்கும் மைத்துனன் வீட்டுக்குக் காபெற்றைச் சுருட்டிக்கொண்டு போனேன். இரணைமடு நீர் யாழ்ப்பாணத்துக்குப் போகலாமா என்று வருடக்கணக்கில் வாதாடியவர்களில் அவனும் ஒருவன். காபெற்றுக்குப் போகலாம் என்று ஒப்புக்கொண்டான்.

அந்தப் பெடியனையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். ஆய்வு உதவியாளன் என்று சொல்லலாம். காபெற்றுக்கு அடியில் ஒட்டியிருந்த மெத்தையை அவன் உரித்தபோது, நாலாய் மடித்த ஒரு தாள் தகரத்தோடு ஒட்டிக் கிடந்தது. ஏ9 திறந்த 2002க்கும் பூட்டிய 2006க்கும் இடையில், ஏதோ ஒரு சோதனைச் சாவடியில் முந்தின சொந்தக்காரனுக்குக் கொடுத்த துண்டாயிருக்க வேண்டும். எழுத்து எல்லாம் உப்பில் கரைந்து போயிருந்தது. முத்திரையின் வட்டத்தில் பாதி மட்டும் ஊதாவாய்த் தெரிந்தது. பெடியன் அதை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தான்.

"லொத்தர் ரிக்கற்றோ ஐயா? விழுந்ததோ?"